பீரோவில் ஒட்டிக்கொண்டது பற்றி அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். என் உடம்பைப் பற்றி இப்போது நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். கேட்டால், வலது மணிக்கட்டைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

சனிக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. நியாயம்தான். பதினாறு வயதுப் பெண்ணை உளவு வேலைக்கு அனுப்ப நீ சம்மதித்ததே, அவளுக்குக் கருவிகள் செய்துகொடுப்பவன் சொந்தத் தாய்மாமன் என்பதால்தான். அவள் தலையில் ஒரு முடிகூட உதிராது என்று உன் சமையலறையில் நின்று சத்தியம் செய்தேன். தலைமுடி உதிரவில்லை, ஒரு புருவம்தான் போனது. அதுவும் எதிரியின் கோட்டையில் அல்ல, என் பட்டறையில். புகை பீய்ச்சும் பேனாவை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் சரிதான், பிடித்த பக்கம்தான் தப்பு. அவள் பையிலிருந்த உன் மை பென்சிலை எடுத்து இல்லாத புருவத்தை வரைந்துகொண்டு கிளம்பிவிட்டாள். பென்சில் காணாமல் போனதற்கும் காரணம் நான்தான் என்று எடுத்துக்கொள்.

போன இடம் ஒரு ஏலக்கடை. பழைய அலமாரிகளும் கால் ஆடும் நாற்காலிகளும் கூரைவரை அடுக்கியிருக்கும் நீளமான கூடம். எல்லாவற்றிலும் எண் எழுதிய அட்டை தொங்கும். கடை முதலாளி திருட்டு வரைபடங்களை வாங்கி விற்பவர். அவர் அறையில் இருக்கும் துறைமுக வரைபடத்தை உன் மகள் படம் பிடித்து வர வேண்டும். சின்னப் பெண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது எங்கள் உளவுத்துறை இயக்குநரின் நம்பிக்கை. என் கருவிகள் கூட இருந்தால் போதும் என்பது என் நம்பிக்கை. அவளுக்குக் கேமரா வைத்த கொண்டை ஊசி, சுவரில் ஏற உதவும் ஒட்டுச் செருப்பு, கைப்பிடிக்குள் மைக் வைத்த குடை எல்லாம் கொடுத்து அனுப்பிவிட்டு, தெருமுனையில் நின்ற வேனுக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா, ஊசி தலையில் இருந்தால் கேமரா மேலேதான் பார்க்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்று அது எடுத்ததெல்லாம் மின்விசிறிதான். செருப்பு, சுவர் வரும்வரை காத்திராமல் வாசல்படியிலேயே ஒட்டிக்கொண்டது. அவள் அதைக் கழற்றி விட்டுவிட்டு, பக்தியோடு வந்தவள்போல வெறுங்காலோடு உள்ளே போனாள். குடையை வாசலில் வாங்கி வைத்த வேலையாள், அதுவும் விற்பனைக்கு வந்த சாமான் என்று நினைத்து ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டான்.

வேனில் இருந்த எனக்கு உன் மகளின் குரலுக்குப் பதில் ஏலக்காரர் குரல் கேட்டது. என் குடையின் வேலைப்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார். என் வேலையை ஒருவர் புகழ்ந்து கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. கொஞ்ச நேரம் ரசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை. பிறகுதான் அரசாங்க ரகசியம் ஏலம் போகிறது என்று உறைத்தது. விழுந்தடித்து ஓடி, கூட்டத்தில் புகுந்து, ஏலம் கேட்கக் கையை உயர்த்தினேன். அந்தக் கையில் நானே செய்த காந்தக் கடிகாரம் இருந்தது. பக்கத்தில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. டொம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் பீரோவோடு ஒட்டிக்கொண்டேன். அடுத்து ஏலத்துக்கு வரவேண்டியது அந்த பீரோ. என்னைச் சேர்த்துக் கேட்டிருந்தாலும் விலை ஏறியிருக்காது.

காவலாளி வந்தார். என் காதிலிருந்து சட்டைக்குள் போகும் ஒயரைப் பார்த்து, அதைப் பிடித்து இழுக்கப் போனார். இத்தனை வருஷம் மற்றவர்கள் தப்பிப்பதற்கென்று யோசித்த மூளை அந்த நேரம் எனக்காக ஒன்றும் யோசிக்கவில்லை. அப்போது உன் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காவலாளியின் கையை மெதுவாகப் பிடித்தாள்.

"அண்ணே, மன்னிச்சிருங்க. இவரு எங்க மாமா. கொஞ்ச நாளா மறதி. வீட்ல சொல்லாம கிளம்பிடறாரு. அது காது கேக்கற மெஷின், இழுத்தீங்கன்னா அழுவாரு."

காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எதுவும் நடிக்கவில்லை அக்கா, என் முகத்தை அப்படியே வைத்திருந்தேன். அதுவே போதுமாக இருந்தது. "எங்கப்பாவும் இப்படித்தாம்மா. பாத்துக் கூட்டிட்டுப் போ," என்று சொல்லி, கடிகார வாரை அவிழ்த்துவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். கடிகாரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. குடையை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

வரைபடம் என்ன ஆயிற்று என்று வேனில் கேட்டேன். முதலாளி அறையில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாராம். பள்ளிக்கூட வேலைக்குப் போனில் ஒரு படம் எடுத்துக்கட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். அவரே சட்டத்தை நேராக்கிக் கொடுத்திருக்கிறார். சொல்லி முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள போனப்பகூட பயமா இல்ல மாமா. நீங்க மாட்டிக்கிட்டீங்கன்னு பாத்ததும்தான்," என்றாள்.

அவளைப் பாதுகாக்கத்தான் நான் போனேன் என்று அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. வீடுவரை நான் அவள் கையை விடவில்லை.

ஆகவே அக்கா, நான் முடிவு செய்துவிட்டேன். உன் மகளை இந்த வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்லி இயக்குநருக்கு எழுதிவிட்டேன். நானும் விலகிக்கொள்கிறேன். இனி என் கையால் ஒரு திருகாணிகூட முடுக்க மாட்டேன். உளவு என்ற சொல்லே நம் குடும்பத்தில் இனி இருக்காது. நீ நிம்மதியாகத் தூங்கு.

அத்தானுக்கு என் வணக்கம். புருவம் சீக்கிரம் முளைக்க உன் மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது இயக்குநரின் பதில் வந்தது. உன் மகளை வெளி வேலையிலிருந்து விடுவித்துவிட்டார். பட்டறை இனி அவள் பொறுப்பு. என்னைப் பார்த்தால் எந்தக் காவலாளிக்கும் சந்தேகம் வராது என்பதால் வெளி வேலைக்கு இனி நான் போக வேண்டுமாம். திங்கட்கிழமை என் முதல் பயணம். அவள் எனக்காகச் செய்த முதல் கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். "இவர் வழி தவறி வந்தவர், தயவுசெய்து வீட்டுக்குச் சொல்லவும்" என்று எழுதிய அட்டை, கீழே உன் போன் நம்பர். கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, போனை மட்டும் எடு அக்கா.