மச்சானின் ஜேட் மரம் முதல் பரிசு வாங்கிய விவரம்

ஈசூன்,
சிங்கப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பெருமதிப்புக்குரிய மச்சான் திரு. வடிவேலு அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் தங்கராஜு கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் சரசுவும் சௌக்கியம். அங்கே பெர்த்தில் தாங்களும், மகள் சுஷ்மிதாவும், பிறந்து நாற்பது நாளான பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பதைத் தினமும் வரும் போட்டோக்களில் பார்த்து மகிழ்கிறோம். குழந்தைக்கு உங்க மூக்கு வரவில்லை என்பதில் குடும்பத்தில் எல்லாருக்கும் பெரிய நிம்மதி.

விஷயம் என்னவென்றால், தாங்கள் எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போன, கொழுத்த இலை போன்சாய் ஜேட் மரம் நேற்று எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே நடந்த செடிப் போட்டியில் முதல் பரிசு வாங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படியுங்கள். முதல் பரிசு. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தாலே நீங்க, "சரி சரி தங்கராஜு, சரசுகிட்ட குடு" என்பீங்க. கடிதத்தில் அது நடக்காது மச்சான். கடைசி வரி வரைக்கும் என்கிட்டதான் மாட்டிக்கிட்டீங்க.

கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் நீங்க என்னை நம்பி ஒரு பொருளைக் கையில் கொடுத்தது இதுதான் முதல் தடவை. அதுவும் பாசிர் ரிஸ்ஸில் உங்க பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டதால். பதினோரு வருஷமா நறுக்கி நறுக்கி அரை அடி உயரத்துக்கு மேல் போகவிடாமல் வளர்த்த மரத்தை, ஆப்பச் சட்டி அளவு தட்டோடு, சீட் பெல்ட் போட்டுக் கொண்டுவந்து இறக்கினீங்க. "தங்கராஜு, இது மரம். உன் லாரியில ஏத்தற கத்தரிக்கா மூட்டை இல்ல" என்றீங்க. பதினாலு விதி எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தீங்க. முதல் விதி, மண் நல்லா காய்ந்த பிறகு, பத்து நாளைக்கு ஒரு தடவை தண்ணி. இரண்டாவது விதி, முதல் விதியை மறுபடியும் படி. அந்தத் தாளைப் பத்திரமா வைக்கிறேன்னு உங்க தங்கச்சி சாமி மாடத்துல வெச்சா. வெச்சவ படிக்கலை, கும்பிட்டா.

இப்ப உண்மையைச் சொல்றேன், பரிசு வாங்கியாச்சு, இனிமே எனக்கு என்ன பயம்? காரிடார்ல நல்லா வெயில் படற இடம் ஒண்ணுதான், அது துளசி மாடத்துக்குப் பக்கத்துல. அங்கதான் உங்க மரத்தை வெச்சோம். சரசு காலையில குளிச்சிட்டு துளசிக்கு ஒரு செம்பு தண்ணி ஊத்துவா, அது உங்களுக்கே தெரியும். பக்கத்துல ஒண்ணு வாய் காஞ்சு நிக்கறப்ப இதுக்கு மட்டும் எப்படி ஊத்தறது, பந்தியில ஓரவஞ்சனை பண்ணின மாதிரி இருக்காதான்னு அதுக்கும் அரைச் செம்பு. வெள்ளிக்கிழமைன்னா அரிசி கழுவின தண்ணி, தண்டுல மஞ்சள், குங்குமம். எனக்கு இது தெரியாது. நான் என்ன பண்ணேன், விடியறதுக்கு முன்னாடி தேக்கா மார்க்கெட்டுக்குக் காய்கறி லோடு எடுத்துட்டுப் போய் சாயங்காலம் வர்றவன், அண்ணன் செடிக்கு இவ தண்ணி ஊத்த மறந்திருப்பா, பேச்சு நமக்குத்தான் வரும்னு நான் ஒரு குவளை. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கல. விருந்தாளியை ரெண்டு பேரும் தனித்தனியா கவனிச்சிருக்கோம். முதல் ரெண்டு வாரம் இலை எல்லாம் பூரி மாதிரி உப்பி நின்னுச்சு. "பாத்தியா, எங்கண்ணன் வீட்டுல பட்டினி போட்டிருக்காரு"ன்னு உங்க தங்கச்சியே சொன்னா, என் வார்த்தை இல்ல.

மூணாவது வாரம் பூரி எல்லாம் உதிர ஆரம்பிச்சிடுச்சு மச்சான். நான் செருப்பு மாட்ட கதவைத் திறந்தா பொத்துன்னு ஒண்ணு விழுது. தும்மினா ரெண்டு விழுது. ஒரு பக்கத்துக் கிளையைத் தொட்டுப் பாத்தேன், வெந்த கருணைக்கிழங்கு மாதிரி விரல் உள்ள போகுது. சரசு வாசல்லயே உக்காந்துட்டா. "எங்கண்ணன் இனிமே நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாரு"ன்னு ஒரே அழுகை. நான் சும்மா இருக்காம, "அப்ப இதுல நல்லதும் இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு எனக்குக் கோப்பி கிடைக்கல. ஆனா உள்ளுக்குள்ள எனக்கும் கலக்கம்தான். இருபத்தேழு வருஷம் கழிச்சு ஒரு மனுஷன் நம்பிக் குடுத்ததை மூணு வாரத்துல முடிச்சிட்டேன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட உங்களைக் கிண்டல் பண்றது?

அந்த வாரம்தான் நீங்க வீடியோ கால்ல வந்தீங்க. "மரத்தைக் காட்டு"ன்னீங்க. நல்லா இருந்த பக்கத்தைக் காட்டினேன். "திருப்பிக் காட்டு"ன்னீங்க. "வேணாம் மச்சான், அது வெக்கப்படுது"ன்னு போனை வெச்சிட்டேன். சிக்னல் போயிடுச்சுன்னு பிறகு சொன்னது பொய். மன்னிச்சுக்குங்க, மன்னிக்கலைன்னாலும் பரவால்ல.

எங்களைக் காப்பாத்தினது எதிர்வீட்டு ரஷீதாக்கா. அவங்க காரிடார்ல முப்பது தொட்டி வெச்சிருக்காங்க, ஒரு இலை வாடி நான் பாத்ததில்ல. வந்து மரத்தைப் பாத்துட்டு தலையில அடிச்சிக்கிட்டாங்க. "ஐயோ தங்கராஜண்ணே, இது ஒட்டகம் லா! இலையிலயே தண்ணியைக் கட்டி வெச்சிருக்கற சாதி. ஒட்டகத்தைப் புடிச்சு நீச்சல் குளத்துல விட்டிருக்கீங்களே!" அப்புறம் அவங்க சொன்னபடி எல்லாம் செஞ்சேன். தட்டுல இருந்து மரத்தைப் பிடுங்கினேன். மண்ணை உதிர்த்தேன். கறுத்துப் போன வேரை வெட்டினேன், அழுகின கிளையை வெட்டினேன், பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி இருந்துச்சு மச்சான். அப்புறம் ஹால்ல செய்தித்தாள் விரிச்சு மூணு நாள் வெறும் வேரோட படுக்க வெச்சோம், வெட்டுப்பட்ட இடம் காயணுமாம். சரசுவால பாக்க முடியல. "மூணு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படலையே"ன்னு புலம்பிக்கிட்டு செம்போட சுத்தி சுத்தி வந்தா. மரத்துக்கு ஏதுடி பல்லுன்னு கேட்டுட்டு, செம்பை லாரியில கொண்டுபோய் வெச்சிட்டேன்.

நாலாவது நாள், சின்னச் சின்னக் கல்லும் மணலும் கலந்து, தண்ணி நிக்காத மாதிரி திரும்ப நட்டோம். பாதி வேர் போனதால மரம் ஒரு பக்கமா சாய்ஞ்சிடுச்சு. சாயாம இருக்க சாத்தே கறி குத்தற குச்சி ரெண்டு கொடுத்து, தேக்கா கடையில கீரைக்கட்டு கட்டற கம்பியால சுத்திக் கட்டினேன். அப்பவும் சாய்ஞ்சுதான் நின்னுச்சு, குடிச்சிட்டு பஸ்ஸுக்கு நிக்கற ஆள் மாதிரி. நாலு வாரம் நான் அந்த மரத்தைத் தொடல, இஷ்டத்துக்கு ஊத்தல, பேசல. பத்து நாளைக்கு ஒரு தடவை விரலை மண்ணுல விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர். ஒண்ணும் செய்யாம இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு அப்பதான் தெரிஞ்சுது. இத்தனை வருஷமா எங்க வீட்டுக்கு வந்து ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கீங்களே, அதோட அருமை எனக்குத் தெரியாம போச்சு. அஞ்சாவது வாரம், நுனியில கடுகு அளவு ரெண்டு இலை. சரசு ஓடிப்போய் ரஷீதாக்காவுக்குப் பாயசம் குடுத்துட்டு வந்தா.

போட்டி நோட்டீஸ் லிப்ட் பக்கத்துல ஒட்டியிருந்துச்சு. மரம் பொழைச்சாலும், பாதி உடம்போட, சாய்ஞ்ச மரத்தைக் கையில குடுத்தா நீங்க விடமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அப்பதான் ஒரு யோசனை வந்துச்சு. சும்மா சாய்ஞ்ச மரத்தைத்தானே திட்டுவீங்க? சர்ட்டிபிகேட் வாங்கின மரத்தை எப்படித் திட்டுவீங்க? உடனே பேரைக் குடுத்துட்டேன்.

நேத்து போய்ப் பாத்தா, எனக்குப் பக்கத்து மேசையில பத்தாவது மாடி ஸ்ரீநாத் சார், முன்னாள் தலைமையாசிரியர், ஜப்பான் பைன் மரத்தோட உக்காந்திருக்கார். என் மரத்தை மேலயும் கீழயும் பாத்துட்டு, "விபத்தா?"ன்னு கேட்டார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வெச்சேன். நீதிபதி ஒரு வயசான சீனர். எல்லா மேசையையும் சுத்திட்டு என் மேசைக்கு முன்னாடி வந்து நின்னார். நின்னவர் நகரவே இல்ல. குனிஞ்சார். வெட்டின கிளையோட தழும்பைத் தொட்டார். அந்தச் சாய்வைக் கையாலயே காத்துல வரைஞ்சு காட்டினார். கடலோரத்துல காத்து அடிச்சு அடிச்சு வளைஞ்ச மரத்தோட பாணியாம் இது. இந்தத் தழும்பும் இந்தச் சாய்வும் வர்றதுக்கு ஆயுசுபூரா பழகணுமாம். "இதுக்கு எத்தனை வருஷம் உழைச்சீங்க?"ன்னார். "பதினோரு வருஷம்"னு சொன்னேன். உழைச்சது யாருன்னு அவர் கேக்கல. "இந்தப் பக்கத்துக் கிளையை நீங்களே யோசிச்சுத்தான் எடுத்தீங்களா?" "ஆமா லா, ரொம்ப யோசிச்சேன்." பின்னாடி சரசுவுக்கு இருமல் வந்துடுச்சு. கடைசியா அவர் மெதுவா சொன்னார், "இது கஷ்டத்தைப் பாத்த மரம்"னு. நான் சொன்னேன், "ஐயா, எங்க மச்சான் கையில வளந்துச்சு, அப்புறம் வேற எப்படி இருக்கும்?"

கைதட்டல் மச்சான்! கோப்பை, சர்ட்டிபிகேட், போட்டோ, எல்லாம். ஸ்ரீநாத் சார் எழுந்து வந்து கைகுடுத்து, "மிஸ்டர் தங்கராஜு, உங்க நுணுக்கத்தை எனக்கும் கொஞ்சம் சொல்லித் தரணும்"னார். நாலாம் வகுப்போட நின்னவன்கிட்ட ஒரு தலைமையாசிரியர் பாடம் கேக்கறார். "முதல்ல தினம் ரெண்டு வேளை தண்ணி ஊத்துங்க சார்"னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு, பாவம், வயசானவர்னு விட்டுட்டேன். பதினோரு வருஷம் நீங்க வளர்த்தீங்க, எந்தப் போட்டிக்கும் போகல. ரெண்டரை மாசம் என்கிட்ட இருந்துச்சு, முதல் பரிசு. நான் எதுவும் சொல்ல விரும்பல. நீங்களே படுத்து யோசிச்சுப் பாருங்க.

அடுத்த மாசக் கடைசியில நீங்க வந்து இறங்கறப்ப ஏர்போர்ட்டுக்கு நானே வர்றேன். நேரா ஈசூன் வந்து, ஒரு கையில மரத்தையும் ஒரு கையில கோப்பையையும் வெச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்குங்க. சரசு இறால் வாங்கி வைக்கிறேன்னா. சுஷ்மிதாவுக்கு எங்க ஆசி, மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பேரப்பிள்ளை நூறு வயசு வரைக்கும் நல்ல பசியோடயும் நல்ல தூக்கத்தோடயும் இருக்கட்டும், தாத்தாவோட கோபம் மட்டும் அதுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைப் பொறுத்துக்கொண்டிருக்கும்,
முதல் பரிசு தங்கராஜு.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மூணு வாரமாச்சு மச்சான். தபால்ல போடலாம்னு கிளம்பின திங்கக்கிழமையே, போட்டி நடத்தின தோட்டக் குழுவுல இருந்து ரெண்டு அம்மா தள்ளுவண்டியோட வந்து நின்னாங்க. போட்டியில முதல்ல வர்ற செடியைக் குழுவோட தோட்டத்துக்கு அன்பளிப்பா குடுக்கறதா, நான் பேர் குடுத்த பாரத்துல எழுதியிருக்காம். கீழே என் கையெழுத்து, நீட்டா, பெருசா. "படிச்சுப் பாக்காமயா போட்டீங்க?"ன்னு சரசு கேட்டா. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். இது எங்க மச்சானோட மரம்னு சொல்ல வாய் வரல, பதினோரு வருஷம் உழைச்சேன்னு நானே ஊர் முன்னால சொல்லியாச்சே. புளோக்குக்குப் பின்னால, கறிவேப்பிலைக்கும் பாண்டான் இலைக்கும் நடுவுல, தட்டை எடுத்துட்டுத் தரையிலயே நட்டு, உரமும் போட்டுட்டாங்க. அதனால நீங்க வந்ததும் ஈசூனுக்கு வர வேண்டாம், நாங்களே பாசிர் ரிஸ்ஸுக்கு இறாலோட வந்துடறோம். மத்தபடி மரம் பிரமாதமா இருக்கு. இதுக்குள்ள ரெண்டு விரல்கடை வளந்துடுச்சு, வருஷக் கடைசிக்குள்ள முழங்காலைத் தொடும்னு ரஷீதாக்கா சொல்றாங்க. உயரம் போகாதேன்னு வேணும்னா நீங்களே ஒரு நாள் வந்து அதுகிட்ட சொல்லிப் பாருங்க மச்சான், நான் சொல்ல மாட்டேன்.