உன் அத்தானுக்கு ஓர் இங்கிலீஷ் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே சுகம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க, ஒரு அவசரம். தமிழ் தெரியாத என் மருமகள் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்: உங்கள் வீட்டில் எங்களிடம் ஏன் இந்த விலகல், விடுமுறைக்கு நாங்கள் வரலாமா வேண்டாமா என்று. பேரனைப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது. எல்லாம் உன் அத்தானால் வந்த வினை, வேறு யார்? மனுஷர் கெட்டவர் இல்லை, பேசமாட்டார், அவ்வளவுதான் என்று ஒரே சொல்லில் அவளுக்குப் புரியவைக்க அகராதியோடு உட்கார்ந்தேன். ‘கோல்ட்’ (தங்கமில்லை, குளிர்) என்றால் நெஞ்சில் ஈரமில்லாதவராம். டிவியில் யாராவது அழுதாலே கண்ணாடியைத் துடைக்கிறவருக்கு அது ஆகுமா? ‘இன்டிஃபரன்ட்’ என்றால் எது எப்படிப் போனாலும் கவலையில்லாதவராம். சரிதானா என்று பார்க்க, அவர் பேப்பர் படிக்கும்போது, “என்னங்க, குழாய் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி!” என்று கத்தினேன். இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, “அதுக்கு பிளம்பரைக் கூப்பிடு, என்னை ஏன் கூப்பிடற?” என்றார். கவலை இருக்கிறது, தன் கால் நனையாத அளவுக்கு இருக்கிறது. கடைசியில் அகராதியில் அகப்பட்ட சொற்களையெல்லாம் சீட்டில் எழுதி சாமி படத்துக்கு முன் குலுக்கினேன். வந்தது ‘காலஸ்’. ஈவிரக்கமே இல்லாதவராம்! ஆண்டவனுக்கே இவர்மேல் அந்த அபிப்பிராயமா என்று பயந்து, அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி குலுக்கினேன். அது பாவமில்லையே? இந்தத் தடவை ‘ரிசர்வ்ட்’. எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளும் பெரிய மனுஷராம். முப்பது வருஷம் இவரோடு குடித்தனம் பண்ணினவளுக்கு அவ்வளவு தாராளம் வரவில்லை. நீ காலேஜில் இங்கிலீஷ் நடத்துகிறவன். இரண்டுக்கும் நடுவில் நியாயமாக ஒரு சொல் இருந்தால் உடனே எழுது. இந்த வாரத்துக்குள் டிக்கெட் எடுக்காவிட்டால் பேரன் வரமாட்டான்.

உன் குடும்பம் குறைவில்லாமல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை இடுப்பில் சுமந்த அக்கா

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், மகன் போன் பண்ணிவிட்டான். “அம்மா, அப்பா தினம் வாக்கிங் போறப்ப இவகிட்ட போன்ல அரைமணி நேரம் பேசறாரு. இவ எழுதினது உன்னைப் பத்தி!” நானா! நானாகக் கற்ற இங்கிலீஷாயிற்றே, தப்பு வரக்கூடாதென்று கம்பெனிக் கடிதப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவளுக்குப் பதில் போடுவேன்: ‘தங்கள் கடிதம் கிடைத்தது. விவரம் குறித்துக்கொள்ளப்பட்டது.’ பேரன் முதல் அடி வைத்த செய்திக்கும் அதேதான். சனிக்கிழமை வருகிறார்கள். “நீ ஒண்ணும் எழுத வேணாம்மா, வந்ததும் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கோ, போதும்” என்கிறான் மகன். புத்தகத்தில் அதற்கு மாதிரி இல்லை. சற்றுமுன் உன் அத்தான்மேல் பழகிப் பார்த்தேன். “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்கிறார்.