பிள்ளை பார்க்க வந்த பட்டுத் தராசு

ஊரில் டாக்டர்கள் போதவில்லை என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அவர்கள் எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவுக்கு ஒரு நடை வந்து பார்க்கவேண்டும். ஒரு வீட்டில் பிள்ளை பிறக்கட்டும். தகவல் தெருமுனையைத் தாண்டுவதற்குள் வாசலில் பத்து நிபுணர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பால் பத்தாதுக்காரர்'. உள்ளே வருவார், பிள்ளையின் மூக்கு யார் ஜாடை என்று ஒரு சண்டையை மூட்டுவார், மோவாயைத் தடவுவார், பிறகு கேட்பார்: "ஏம்மா, பால் பத்துதா?" கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருப்பார்.

பிள்ளை அழுதால் பால் பத்தவில்லை. அழாமல் தூங்கினால், ஐயோ பாவம், அழக்கூடத் தெம்பில்லை, ஆகவே பால் பத்தவில்லை. அடிக்கடி குடித்தால் வயிறு நிறையவில்லை. எப்போதாவது குடித்தால், அங்கே ஒன்றும் கிடையாது என்று பிள்ளைக்கே தெரிந்துபோய்விட்டது. தாய் ஒல்லியாக இருந்தால் "ஒடம்புல ஏதாவது இருந்தாத்தானேம்மா பாலா வரும்" என்பார். பருமனாக இருந்தால் "தின்னதெல்லாம் இவ ஒடம்புலியே தங்கிடுது" என்பார். அப்படியானால் பால் பத்துகிற பெண் எப்படித்தான் இருப்பாள்? கேட்டுப் பாருங்களேன். அவர் வீட்டு மருமகளைக் காட்டுவார். அந்த மருமகளைத் தனியாகக் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

பத்தியம் சொல்வதிலும் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருவர் பூண்டைச் சுட்டுக் கொடு என்பார், அடுத்தவர் பூண்டு காரம், பிள்ளைக்கு வயிறு எரியும் என்பார், மூன்றாமவர் தண்ணீரே குடிக்காதே, பால் நீர்த்துப்போகும் என்பார். ஆனால் மூன்று பேரும் அவள் வீட்டுக் காப்பியை மட்டும் குடித்துவிட்டுத்தான் எழுந்து போவார்கள்.

இந்த இனத்தில் பெண்கள்தான் உண்டு என்று நினைத்தீர்களா? ஏமாந்தீர்கள். எனக்குத் தெரிந்து இதில் முதல் தரமான உருப்படிக்கு மீசை இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு உமாபதி. பத்துத் தறிக்குப் பட்டு நிறுத்துக் கொடுத்து, சேலையாக நிறுத்து வாங்குகிறவர். நூல் பத்து கிராம் குறைந்தால் போதும், நெய்தவனை வாசலில் நிறுத்திவைத்துக் குறுக்கு விசாரணை செய்வார். அவருடைய தம்பி குமாரவேலின் மகள் மங்கையர்க்கரசி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஐந்தாம் நாள் பிள்ளை கொஞ்சம் சிணுங்கியது. உமாபதி என்ன செய்தார் தெரியுமா? பட்டு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து கூடத்து உத்திரத்தில் மாட்டினார். ஒரு தட்டில் வேட்டியை மடித்துப்போட்டுப் பிள்ளையைப் படுக்கவைத்தார். மறு தட்டில் எடைக்கல்லோடு அதே மாதிரி இன்னொரு வேட்டி. தொழில் சுத்தம் என்றால் அதுதான். முள் நின்றது. இரண்டு கிலோ எழுநூறு.

"இருநூறு கிராம் எங்கமா போச்சு?"

கேட்டது யாரை? அறைக்குள் கிடந்த பச்சை உடம்புக்காரியை! அவள் என்னமோ தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த மாதிரி.

"பெரியப்பா, பால் வருதுப்பா. அவன் குடிக்கிறான்."

"குடிச்சா எடை ஏன் கொறையுது? தராசு பொய் சொல்லுமா? டேய் குமாரவேலு, போய் டின் பால் மாவு வாங்கியா. டின்னு மேல குண்டா ஒரு பிள்ளை இருக்குமே, அது. இனிமே அவ குடுக்க வாணாம்."

குமாரவேல் அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாதவர். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். மங்கை பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு அழுதாள். "அக்கா, புட்டியில பழகிட்டா அப்புறம் எங்கிட்ட வரமாட்டானாமே? குடிக்காமப் போனா பால் வத்திப் போயிடுமாமே? எம்பிள்ளைக்கு நான் குடுக்கிறேன்னா கூடவா கேக்கமாட்டாங்க?" குமாரவேல் மருந்துக்கடைப் பக்கம் போனார். நான் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினேன். நர்சம்மா ரத்னமாலாவைக் கையோடு அழைத்துவந்தேன். நாங்கள் வந்தபோது டின்னும் வந்துவிட்டது. அடுப்பில் புட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

நர்சம்மா உமாபதியைத் தாண்டிக்கொண்டு நேரே உள்ளே போனார். கையைக் கழுவினார்.

"ஒரு நாளைக்கு எத்தினி துணி நனைக்கிறான்?"

"ஆறு, ஏழு ஆவுதும்மா," என்றாள் மங்கை.

"உள்ள போவாமயா வெளிய வருது? அழாத. இப்ப குடு, பாக்கலாம்." பார்த்தார். "இப்டி நுனியில குடுத்தா உனக்குப் புண்ணாகும், அவனுக்குப் பாதிதான் கிடைக்கும். வாய் நல்லாத் தெறக்கட்டும். கறுப்பு எடம் பூரா வாய்க்குள்ள போவணும். வயிறும் வயிறும் ஒட்டினாப்ல புடி. ஆங், இப்ப கேளு." சின்னதாக மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. மங்கை அழுகையோடே சிரித்தாள்.

அதன் பிறகு நர்சம்மா கூடத்துக்கு வந்து தராசை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவரே, ஒரு சந்தேகம். கச்சாப் பட்டை சோப்புத் தண்ணியில அவிச்சுப் பசை எடுத்தா, ஒரு கிலோவுக்கு எவ்ளோ நிக்கும்?"

தொழில் கேள்வி அல்லவா, உமாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். "முக்கால் கிலோ நிக்கும்."

"கால் கிலோவை யாரு எடுத்துக்கினது?"

"யாரும்மா எடுப்பாங்க? அது பசை. போவத்தான் போவும். போனாத்தான் அது பட்டு."

"நல்லது. பிறந்த பிள்ளைக்கும் மொதோ வாரம் கொஞ்சம் எறங்கத்தான் எறங்கும். உங்க பட்டு அளவுக்குக் கூட இவன் எறங்கல. பத்து பன்னண்டு நாள்ல திரும்பப் புடிச்சிடுவான். அதுக்கு மேலயும் ஏறலன்னா நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போறேன். அதுவரைக்கும் தராசுல பட்டை நிறுங்க."

உமாபதி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுப்பில் இருந்த புட்டியை மங்கையின் தாய் காமாட்சியம்மாள் சத்தமில்லாமல் இறக்கிவைத்தாள். பன்னிரண்டாம் நாள் பிள்ளை இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர் போலிருக்கிறது. இப்போது தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் உமாபதிதான் முதலில் ஆஜர். "தாய்ப்பாலுதாம்மா பாலு, டின்னைத் தொடாத" என்று பிரசங்கம். போன வாரம் வேலாயுதத்தின் சம்சாரத்துக்கு இரட்டைப் பிள்ளை. எட்டாம் மாசத்தில் பிறந்து பூனைக்குட்டி மாதிரி இருந்தன. டாக்டரே பார்த்துத் தாய்ப்பாலோடு கொஞ்சம் மாவுப்பாலும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். இவர் போய் "பெத்தவ பால் குடுக்க சோம்பல் பட்டா அதுங்க எப்டி தேறும்?" என்று ஒரு போடு போட்டுவிட்டு வந்தார். அந்தப் பெண் அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை. மருந்து மாறிப்போச்சு, வைத்தியர் மாறவில்லை.

சரி, உமாபதியை விடுங்கள். போன மாதம் நீங்களும் ஒரு பிள்ளையைப் பார்க்கப் போனீர்களே, உட்கார்ந்ததும் முதல் வார்த்தை என்ன கேட்டீர்கள்? அக்கறையில் கேட்டேன் என்பீர்கள். உமாபதிக்கு மட்டும் என்ன, பகையா? நீங்கள் கேட்டதும் அந்தப் பெண் பதில் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எவ்வளவு அடக்கமான பெண் என்று நாலு பேரிடம் மெச்சிக்கொண்டீர்களாம். அடக்கமாவது ஒன்றாவது! நீங்கள் எப்போது எழுந்து போவீர்கள் என்று பார்த்திருக்கிறாள். கடிகாரம் அந்தச் சுவரில்தான் மாட்டியிருந்தது.