என் இரத்தத்தை நானே குலுக்கிய விவரம்

வெள்ளவத்தை,
ஒக்டோபர் 14, செவ்வாய் காலை.

அன்புள்ள மகன் தர்ஷனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அம்மாவும் சுகம், மழையும் நல்ல சுகம், லிப்ட் மட்டும் வழமைபோல் படுக்கையில். அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை வட்சப்பில் சொல்லியிருக்கலாமே என்பாய். நான் அனுப்பும் குரலை நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். கடிதத்தை அப்படி ஓடவிட ஏலாது. ஆறுதலாக இருந்து வாசி.

போன மாதம் நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். நாலாம் மாடியில் இரண்டு கிழங்கள் தனியே இருக்கக்கூடாது, பிளாட்டைப் பூட்டிவிட்டுத் தெஹிவளையில் அந்த முதியோர் இல்லத்துக்குப் போங்கள் என்றாய். நான் மாட்டேன் என்றேன். அந்த நேரம் பார்த்து, வயதானவர்களின் இரத்தத்தை ஆராய்வதற்கு ஒரு குழு எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து மண்டபத்துக்கு வருகிறது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். என் இரத்தம் நல்லது என்று அவர்கள் சொன்னால் நான் இங்கேயேதான் இருப்பேன், கெட்டது என்றால் மறு பேச்சில்லாமல் இல்லத்துக்குப் போவேன் என்று நான் சொல்ல, நீயும் “சரி அப்பா” என்றாய். அந்த ஒப்பந்தம் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கடிதம்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கே வெறும் வயிற்றோடு போய் முதலாவது கதிரையில் இருந்தேன். பொறுப்பாக இருந்தவர் டொக்டர் நதீஷா, உன்னைவிட வயது குறைந்த பிள்ளை. இரத்தம் எடுத்தவர் புளோறன்ஸ் என்ற நேர்ஸ், கொட்டாஞ்சேனைக்காரி. டொக்டர் சொல்லச் சொல்ல புளோறன்ஸ் எனக்குத் தமிழில் விளக்கினார். வயது போகப் போக உடம்புக்குள் ஓர் அழற்சி, காய்ச்சலும் இல்லாமல் நோவும் இல்லாமல், அடுப்பில் சாம்பலுக்குக் கீழே தணல் கிடக்கிற மாதிரிக் கிடக்குமாம். இரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ என்று மிகச் சின்னத் துண்டுகள் ஓடுகின்றனவாம். இன்ன புரதத்தைச் செய்யாதே, இதைக் குறை என்று உடம்புக் கலங்களுக்குக் கட்டளை போடுவது அவைதானாம். அழற்சி கூடினவர்களிடம் எந்தத் துண்டு கூடுகிறது, எது குறைகிறது என்று பார்க்கப்போகிறார்களாம். முப்பத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்து டொக்டர்மாரின் கோழிக்கிறுக்கலை வாசித்தவனுக்கு இது விளங்காமல் போகுமா? நன்றாக விளங்கியது. புளோறன்ஸ் குழாயில் இரத்தத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு லேபல் தேடத் திரும்பினார். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது, தர்ஷன். கை தன்பாட்டில் போய்க் குழாயை எடுத்து, பெருவிரலால் மூடியை அமத்தி, மிக்ஸர் மருந்துப் போத்தலைக் குலுக்குகிற மாதிரி மேலும் கீழும் இருபது தரம் குலுக்கிவிட்டது. குலுக்காமல் ஒரு மருந்தை நான் என் வாழ்நாளில் ஒருவர் கையில் கொடுத்ததில்லை. அதோடு விட்டேனா? எனக்குப் பிறகு இரத்தம் கொடுத்த இரண்டு பேரின் குழாய்களையும் உதவியாக இருக்கட்டும் என்று குலுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் போன் வந்தது. மூன்று குழாயிலும் சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருந்ததெல்லாம் வெளியே கொட்டிவிட்டதாம், மேலே மஞ்சளாக நிற்கவேண்டிய தண்ணீர் ரோஸ் சர்பத் போல் நிற்கிறதாம், இனி எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஏலாதாம். குலுக்காமல் மெல்லச் சரித்து நிமிர்த்தவேண்டிய குழாயாம் அது. டொக்டர் பிள்ளை ஏசவில்லை. மூன்று கிழமை கழித்து வாருங்கள், ஆனால் அதற்கு முன் இரண்டு கிழமைக்குத் தடிமன், காய்ச்சல், காயம், வீக்கம் ஒன்றும் இருக்கக்கூடாது என்றார்.

அன்றிலிருந்து நான் என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரிக் காத்தேன். நகம் வெட்டவில்லை. சவரம் செய்யவில்லை. மூன்றாம் மாடி இராமர் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு அழைக்க வந்தபோது அந்த மனிசன் தும்மினபடியால் கதவைத் திறக்காமலே கதைத்தேன். அவருக்குக் கோபம். உன் அம்மா தனியே போய்ச் சமாதானம் சொல்லி, ஒரு கேக் துண்டோடு ஏறி வந்தாள், அதையும் நான் தொடவில்லை. மஞ்சள் அழற்சிக்கு நல்லது என்று அம்மாவை மூன்று தரம் சந்தைக்கு அனுப்பிப் பச்சை மஞ்சள் எடுப்பித்து, காலையும் மாலையும் அவித்துக் குடித்தேன். விரல், நாக்கு, தாடி எல்லாம் மஞ்சள். கீழே பாமசி வைத்து மருந்து விற்கும் ஸமீம் என்னைக் கண்டு, கண்ணை விரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, ஈரலை உடனே பார்க்கச் சொன்னார். பின்னேரத்துக்குள் எனக்குச் செங்கண்மாரிக் காமாலை என்று ஒழுங்கை முழுக்கக் கதை. யாரோ மருந்துக்கென்று கீழ்க்காய்நெல்லி ஒரு கட்டுக் கொண்டுவந்து கீழ் வாசலில் வைத்துவிட்டுப் போக, அதையும் அம்மாதான் போய் எடுத்துவந்தாள்.

இப்படியே இருபது நாள் போயிற்று. கடைசி நாள் டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்க வந்தார்கள். புகை மூக்கில் ஏறினால் அழற்சி வரும் என்று நான் மொட்டை மாடிக்கு ஓட, படியில் கால் பெருவிரல் அடிபட்டு, விடியும்போது கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டு போனேன். புளோறன்ஸ் நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

எனக்குத் தாங்கமுடியவில்லை, தர்ஷன். அத்தனை பேருக்கும் முன்னால், இந்த இரத்தத்தை எடுக்காவிட்டால் என் மகன் என்னை வீட்டைவிட்டு எடுத்துவிடுவான் என்று சொல்லிவிட்டேன். டொக்டர் பிள்ளை எழுந்து வந்து என் பக்கத்தில் இருந்தார். அவர் சொன்னதைப் புளோறன்ஸ் தமிழில் சொன்னார்.

“அங்கிள், இது முந்நூறு பேரைச் சேர்த்துப் பாக்கிற ஆராய்ச்சி. தனி ஆளுக்கு ரிசல்ட் குடுக்கிறேல்ல. நீங்க எங்க இருக்கவேணும் எண்டு எந்த இரத்தமும் சொல்லாது. அத வீட்டில கதைச்சுத்தான் முடிவெடுக்கவேணும்.”

ஆகவே ஒப்பந்தம் முறிந்தது. இரத்தம் சாட்சி சொல்லவில்லை, நானே சொல்கிறேன். எனக்கு இந்த வீட்டைவிட்டுப் போக விருப்பமில்லை. யன்னலைத் திறந்தால் ரயில் போகிறது, அதற்கு அங்கால் கடல். அறுபத்துநாலு படியும் நான் நிற்காமல் ஏறுகிறேன். எங்களுக்கு ஒரு குறையுமில்லை. அந்த இல்லத்துக்காரருக்கு வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. மருமகளுக்கு என் அன்பு, குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா,
பூபாலசிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்ப்பதற்காக இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டாள். புகை அடித்த இடத்தில் சிரித்தாள். முடிந்த பிறகு, “அந்த இல்லத்தைப் பற்றித் தர்ஷன் தம்பியிட்டைச் சொன்னது நான்தான்” என்றாள். நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டாயாம். சேலையைச் சற்று உயர்த்தி முழங்காலைக் காட்டினாள். இரண்டும் வீங்கிப்போய் இருக்கின்றன. ஒரு வருடமாக இப்படியாம், படி ஏறும்போது மூன்றாம் மாடியில் குந்தியிருந்து அழுதுவிட்டுத்தான் மேலே வருவாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னால் நீங்கள் மருந்து கலக்கித் தருவியள். எனக்கு மருந்து வேண்டாம், படி இல்லாத வீடு வேணும்” என்றாள்.

திரும்ப எழுதக் கை வரவில்லை. மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு வாசி. இல்லத்துக்காரரிடம் கீழ்மாடியில் இரண்டு பேருக்கு ஓர் அறை இருக்கிறதா என்று கேள்.