மெத்தோடி வீட்டுக் கதகதப்பு

பூமியைக் காப்பாற்றுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ரூசே நகரத்தில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒருவராவது நிச்சயம். எங்கள் கட்டடத்துக்கு வாய்த்தவர் மெத்தோடி, ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், எனக்கு நேர் மேல்வீடு.

விருந்துக்குக் கூப்பிட்டால், வந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். விரலை நாக்கில் நனைத்து ஜன்னல் இடுக்கில் காட்டி, காற்று புகுகிறதா என்று சோதித்து, உச்சுக்கொட்டி, விளக்கை அண்ணாந்து முறைத்து, அடுப்பங்கரைக்குள் நுழைந்து கெட்டிலைத் திறந்து எட்டிப் பார்த்து, அப்புறம்தான் உட்காருவார்.

"ரெண்டு கப் டீக்கு இவ்வளவு தண்ணியா கொதிக்க வைக்கிறது? பூமி தாங்குமா?"

தாங்கும் வாத்தியாரே. உங்களையே தாங்குகிறதே!

குளிர் உள்ளே வராமலிருக்க, தன் வீட்டு வெளிச்சுவரில் மட்டும் ஆள் வைத்துத் தெர்மாகோல் பலகை ஒட்டி, மேலே பச்சை வர்ணம் அடித்திருந்தார். சாம்பல் நிறக் கட்டடத்தின் நடுவே பிளாஸ்திரி போட்டது மாதிரி ஒரு பச்சைச் சதுரம். ஊர் முழுக்க இந்தக் கூத்துதான். அவனவன் சுவருக்கு அவனவன் நிறம். உள்ளே போனால், டிசம்பர் குளிரில் அரைக்கைச் சட்டையோடு ராக்கியா என்கிற பழச்சாராயம் ஊற்றிக் கொடுப்பார்.

"ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கும்! ஒண்ணைக்கூடத் திறக்கல. ஆனா வீடு எப்படிக் கதகதன்னு இருக்கு? எல்லாம் தெர்மாகோல் வேலை!"

தெர்மாகோல் வேலையா? கீழே என் வீட்டில், அறையைச் சூடாக்க வெந்நீர் ஓடும் எல்லா ரேடியேட்டரும் கொதிக்கின்றன. அவருக்கு மேல்வீட்டு ரலிட்சா கைக்குழந்தைக்காக இரவும் பகலும் சூடேற்றுகிறாள். நடுவில் இவர், சுட்ட ரொட்டிக்குள் வைத்த பாலாடைக்கட்டி போல இதமாக உருகிக்கொண்டு, எங்களுக்கு உபதேசம் செய்கிறார்!

போன குளிர்காலத்தில் நகராட்சி முன்வந்தது. கட்டடம் முழுவதற்குமே தெர்மாகோல் ஒட்டித் தருகிறோம், ஆனால் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. வழக்கம்போல மாடிப்படியில், ஆளுக்கொரு படியாக உட்கார்ந்து பேசினோம். எல்லோரும் சரி என்றோம், ஒருவரைத் தவிர.

"எனக்கு எதுக்குங்க? என் வீடுதான் தயாரா இருக்கே."

ரலிட்சா குழந்தையோடு எழுந்தாள். "மாமா, என் வீட்டு மூலைச் சுவரெல்லாம் ஈரம். கறுப்பாப் பூஞ்சை புடிச்சுக் கெடக்கு. புள்ள இருமி இருமித் தூங்கவே மாட்டேங்குது."

"நீ சூடேத்துறது ஜாஸ்திம்மா. குழாயை மூடு. ஸ்வெட்டர் போடு. பூமி என்னத்துக்கு ஆகும்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அவரை அந்தப் படியிலேயே உருட்டி விட்டிருப்பேன்.

மறுநாளே ரலிட்சா ரேடியேட்டர்களையெல்லாம் மூடிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர்ணாவில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என் மனைவி ஸ்த்ராவ்கா கொஞ்சம் யோசித்தாள். "வாத்தியார் சொன்னா கேக்கணும்ல?" என்று எங்கள் வீட்டுக் குழாய்களையும் திருகி மூடினாள். கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, உப்பில் ஊறிய முட்டைக்கோஸைக் கடித்துக்கொண்டு காத்திருந்தோம். குளிர் தாங்கவில்லை, சிரிப்பு அதைவிடத் தாங்கவில்லை.

ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கதவு தட்டும் சத்தம். வாசலில் மெத்தோடி, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கும் மேலே படுக்கைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு.

"ஏம்மா, உங்க வீட்டு ரேடியேட்டர் ரிப்பேரா?"

"இல்லண்ணே," என்றாள் ஸ்த்ராவ்கா. "நீங்க சொன்னபடி மூடிட்டோம். பூமிக்காக."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். மேல ரலிட்சாவும் மூடிட்டுத்தான் போயிருக்கா. ஒங்களுக்கு என்னண்ணே கவலை? தெர்மாகோல் இருக்கே!"

அவர் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"அந்தக் கையெழுத்து... எங்க போடணும்?"

இப்போது கட்டடம் முழுக்க ஒரே நிறம். ரலிட்சா வீட்டுச் சுவர் காய்ந்துவிட்டது. பிள்ளை அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறது. மெத்தோடி வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை நிறுத்தி, "இவங்களைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு இருக்கே!" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நீங்கள் அவரைப் போல இல்லை. உங்கள் வீட்டில் எல்லாமே உங்கள் சொந்தச் சாமர்த்தியத்தில்தான் நடக்கிறது. ரொம்பச் சந்தோஷம். பக்கத்து வீட்டார் ஒரு வாரம் ஊருக்குப் போகட்டும், அப்புறம் சொல்லுங்கள்.