பூராயக்காரரும் ஸ்கொட்லாந்துக் காணியும்

இரண்டு கால் பிராணிகளில் பூராயக்காரர் என்று ஓரினம் உண்டு. நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். பிறந்தநாள் மண்டபத்தில் ரோல்சைக் கடிக்க நீங்கள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயரைக் கேட்காமல், வேலையைக் கேட்காமல், "தம்பி ஊரிலை எவடம்?" என்று தொடங்குவாரே, அவர்தான். ஊரைச் சொன்னால் கோயிலைக் கேட்பார். கோயிலைச் சொன்னால் அதற்கு வடக்கா தெற்கா என்பார். வடக்கு என்றால் எந்த ஒழுங்கை என்பார். ஒழுங்கையும் பிடிபட்டுவிட்டால் செத்துப்போன உங்கள் பாட்டனாரை எழுப்பிக்கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிடுவார். 'சாதி' என்ற சொல் மட்டும் வாயில் வராது. பண்பானவர் அல்லவா! இந்த ஜெர்மனியில் பல்லுப் பிடுங்கவும் ரேர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுக்க வேண்டும். இவரிடம் அகப்பட அதுவும் வேண்டாம்.

எங்கள் பான் நகரத்துப் பூராயக்காரர் அருட்பிரகாசம் அண்ணை. ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரரின் பெயர் தெரியாது. ஆனால் பானிலிருந்து கொலோன் வரை எந்தத் தமிழ் வீட்டில் யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், அதை எந்த இடத்தில் தட்டினால் உடையும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். மூன்று பெண்களின் கலியாணத்தைத் தொலைபேசியிலேயே குழப்பியவர். கேட்டால், "நான் ஒண்டும் சொல்லேல்லை, விசாரிச்சுச் செய்யுங்கோ எண்டு மட்டும்தான் சொன்னனான்" என்பார். பாவி மனுசன்!

இரண்டாயிரத்து ஆறில் இவருடைய சொந்த வீட்டுக்கே வந்தது வினை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பிளோறன்ஸ், கூடப் படித்த அங்கஸ் என்ற ஸ்கொட்லாந்துப் பையனைத்தான் கட்டுவேன் என்றாள்.

"வெள்ளையனையோ? ஏலாது" என்றார் அண்ணை.

பெட்டை அந்தத் தகப்பனின் மகள். எங்கே தட்டினால் திறக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

"அப்பா, அவை காணிக்காரர்."

"எவ்வளவு காணி?"

"மலை, காடு, ஆறு எல்லாம் இருக்காம். ஐந்நூறு வருஷமா அவையின்ரைதானாம்."

"ஆறுமோ?" அண்ணை கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லு. விசாரிப்பம்."

வந்தான் பையன். பிளோறன்ஸ் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள். தகப்பன் ஆர், தகப்பனின் தகப்பன் ஆர், அவருக்கு முந்தி ஆர் என்று அண்ணை ஒவ்வொரு படியாக இறங்க, சொத்துக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் மனப்பாடம்தானே, அவனும் உற்சாகமாகக் கூடவே இறங்கினான். இறங்கி இறங்கி ஆயிரத்து ஐந்நூற்று அறுபதுக்கு வந்துவிட்டார்கள். ஸ்கொட்லாந்து தேசம் கத்தோலிக்கத்தை விட்டுப் புதிய புரட்டஸ்தாந்துச் சபைக்கு மாறிய காலம். அண்ணையோ பரம்பரைக் கத்தோலிக்கர். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப இவையின்ரை ஆக்கள் என்ன செய்தவை?"

"மூத்தவர் புதுச் சபைக்கு மாறினவராம். இளையவர் பழைய கோயிலிலையே நிண்டவராம். எந்தப் பக்கம் வெண்டாலும் காணி வீட்டை விட்டுப் போகாதாம். மாறினவருக்குக் கத்தோலிக்க மடத்துக் காணியும் கிடைச்சதாம்" என்றாள் பிளோறன்ஸ். பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அண்ணை தேநீர்க் கோப்பையை டக்கென்று வைத்தார். "சீ! காணிக்காகச் சமயம் மாறின சனமோ? எங்கடை ஆக்கள் போர்த்துக்கேயர் காலத்திலை ஞானஸ்நானம் எடுத்தவை. பிறகு ஒல்லாந்தர் வந்து குருமாரைக் கலைச்சு, கத்தோலிக்கரைப் படாத பாடு படுத்தினாங்கள். நாங்கள் அசைஞ்சமோ? எங்கடை பூட்டனின்ரை பூட்டன் அவங்களுக்குக் கீழை முதலியார் உத்தியோகம் பாத்தவர்! ஒரு பரப்புக் காணி கைவிட்டுப் போகேல்லை. சொல்லு இவனுக்கு. இந்தக் கலியாணம் நடவாது!"

பிளோறன்ஸ் கண் கலங்க, ஒரு சொல் விடாமல் சொன்னாள். பையன் பணிவாக ஏதோ கேட்டான். அவளுக்கு அழுகை நின்றுவிட்டது.

"அப்பா, கத்தோலிக்கரைக் கலைச்ச ஒல்லாந்தர் ஒரு கத்தோலிக்கருக்கு எப்பிடி முதலியார் பதவி குடுத்தவை எண்டு கேக்கிறார்."

ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்த மனிதரை அன்றுவரை யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பின்னையென்ன, அவரும் அவங்கடை சபைக்கு மாறித்தான் இருப்பார், அவங்கள் போனாப்பிறகு பிள்ளையள் திரும்பியிருப்பினம்" என்றார் அவருடைய மனைவி, குசினிக்குள் இருந்தபடியே.

"அது வேறை. இது வேறை" என்றார் அண்ணை.

"என்ன வேறை?" என்றாள் பிளோறன்ஸ். "அவையும் காணிக்காக மாறினவை, நாங்களும் காணிக்காக மாறினனாங்கள். அப்ப அவை எங்கடை ஆக்கள்தானே, அப்பா?"

எங்கடை ஆக்கள் என்று ஆகிவிட்டதே! கலியாணம் நடந்தது. "மருமகன்ரை ஆக்கள் ஐந்நூறு வருஷக் காணிக்காரர், ஆறும் இருக்கு" என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மடத்துக் காணி பற்றி மூச்சு விடவில்லை. அவர் குழப்பிய அந்த மூன்று கலியாணத்து மாப்பிள்ளைமாரிடமும் ஆறு இல்லை, பாவங்கள். மனிதர் திருந்தினாரா என்கிறீர்களா? திருந்துவதாவது! சாப்பாடு முடியுமுன்பே, மாப்பிள்ளைத் தோழனாக வந்த வெள்ளைக்காரப் பையனின் பக்கத்தில் கதிரையைப் போட்டுவிட்டார். "தம்பி, ஸ்கொட்லாந்திலை எவடம்?"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அருட்பிரகாசம் அண்ணைக்கு ஊரில் எவடம் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. கத்தோலிக்கர், முதலியார் பரம்பரை என்று வந்த இடத்தில் கொஞ்சம் நின்று, எந்த ஊராயிருக்கும், ஆருடைய ஆக்களாயிருக்கும் என்று மனதுக்குள் தேடிப் பார்த்தீர்களா, இல்லையா? எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். கதிரையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், நான் ரோல்ஸ் சாப்பிட வேண்டும்.