இங்கிலீஷுக்குப் பங்காளி யார்?

எனக்குப் படிப்பு வராது என்று யாரும் சொன்னதில்லை. படித்ததை எங்கே வாய் திறந்து சொல்லக் கூடாது என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மொழியியல் எம்.ஏ. முடித்துவிட்டு (அப்படியொரு படிப்பு இருப்பதே அன்றைய கள்ளக்குறிச்சியில் எனக்கும் தபால்காரருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்) ஆறு பெண்கள் வீட்டில் பஜ்ஜி தின்று திரும்பியிருந்தேன். ஏழாவது, சின்னசேலத்தில் மலர்க்கொடி. தட்டை நீட்டும்போது, நான் பொத்தான் மாற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அவள் அப்பா, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் ஸ்டேஷன் பலகையில் தார் பூசி ஜெயிலுக்குப் போனவர். "இன்னா படிச்சிருக்கீங்க?" என்றார். பிடித்தது சனி. லத்தீன் என்ற அம்மாவுக்கு பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலி என்று மகள்கள்; இங்கிலீஷும் ஜெர்மனும் இன்னொரு கிளை; ரஷ்யன் வேறொன்று; ஹங்கேரி மட்டும் எங்கிருந்தோ வந்து குடியேறிய அசலூர்க்காரன் என்று ஐரோப்பாவையே அந்தக் கூடத்தில் உட்கார வைத்தேன். மனிதர் ஆசையாகக் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மா என் தொடையைக் கிள்ளினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, "இவங்க எல்லாருக்கும் முப்பாட்டன் ஒருத்தர்தாங்க. அவரோட இன்னொரு கிளைதான் இந்தி. இங்கிலீஷும் இந்தியும் பங்காளிங்க" என்றேன்.

மலர்க்கொடியின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப, ஒருத்தன வாசல்லயே தொரத்திட்டு, அவன் பங்காளிய நடுவூட்ல குந்த வெச்சிக்கினு இருக்கேன்னு சொல்றீங்க" என்றார்.

(புத்தியுள்ளவன் இங்கே வாயை மூடுவான். நான், ரொம்ப தூரத்துப் பங்காளி என்று விளக்கம் கொடுத்தேன்.)

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வந்தவர்கள் கிளம்பலாம் என்று அர்த்தம். கொண்டுவந்த பூவைக் கொடுப்பதா, திருப்பி எடுத்துப்போவதா என்று அம்மா விழித்தார். ஏழாவதும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து மலர்க்கொடி பேசினாள்.

"பங்காளின்னா இன்னாப்பா? வரப்புத் தகராறுல நீயும் பெரியப்பாவும் பன்னெண்டு வருஷமா மூஞ்சி குடுத்துப் பேசல. அவங்க மட்டும் ஒத்துமையா இருப்பாங்களா?"

அவர் நின்றபடியே யோசித்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து, "அதுவும் சரிதான். காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இங்கிலீஷுக்குப் பெயர் பங்காளி. பேரனுக்கு அதில் மார்க் குறைந்தால், பங்காளி காலை வாரிவிட்டான் என்பார்கள். விருந்தாளிகள் முன்னால் நான் மொழிக் குடும்பம் என்று ஆரம்பித்தால், மலர்க்கொடி தொடையைக் கிள்ளுவாள். உற்சாகப்படுத்தத்தான் என்று இன்னமும் நம்புகிறேன்.